மிஞ்சிய வெளிச்சம்

கடலுக்குள் இறங்கும் வெயிலில் முதலில் காணாமல் போவது சிவப்பு. தண்ணீரில் சேறோ அழுக்கோ இருக்க வேண்டியதில்லை. சுத்தமான தண்ணீரே சிவப்பை விழுங்கிவிடும். 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு ஒளி ஒரு மீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு. பச்சை ஒளியோ அதே ஆழத்துக்குப் பாதிக்கு மேல் வந்து சேரும். தெளிந்த கடலாக இருந்தால் நீலத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆழத்தில் பாறை கிழித்து விரலில் ரத்தம் வந்தால் அது சிவப்பாகத் தெரியாது, கரும்பச்சையாகத் தெரியும் என்று கடலடியில் குளித்துப் பழகியவர்கள் சொல்வார்கள். ரத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அதன் சிவப்பைக் காட்ட அங்கே சிவப்பு வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம். பாசிகளைப் படிக்க விரும்புகிறவனுக்கு மன்னார் வளைகுடா கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. இந்தியப் பாசியியலுக்கு அடித்தளம் போட்ட எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நாங்களும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபம் கரைக்குப் போவோம். சிவப்புப் பாசி வெளிச்சத்தை எப்படிப் பிடிக்கிறது என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. அதற்குரிய விடையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டிய பிறகு அந்த விடை என் நினைவில் அடிக்கடி வருகிறது. அதை இன்று என் வயதுக்காரர்களுக்கும், எங்களோடு வாழ வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

நிலத்துச் செடியிலிருந்து தொடங்குகிறேன். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். நடுவிலுள்ள பச்சையை அவ்வளவாகத் தொடாது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான். வெட்டவெளி வெயிலில் எல்லா நிறமும் தாராளமாகக் கொட்டிக் கிடப்பதால் ஒன்றை விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

கரையோரக் கடலுக்குள் இறங்கினால் நிலைமை வேறு. சிவப்பைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. நீலமாவது கிடைக்குமா என்றால், ஆற்றுநீரோடு வந்து கலக்கும் மக்கிய இலைதழைகளின் மஞ்சள் சாரம் நீலத்தை உறிஞ்சுகிறது. மேலே மிதக்கும் நுண்பாசிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இத்தனை பேர் எடுத்தது போக அடிமட்டப் பாறைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பச்சை. பச்சையம் எதை வேண்டாம் என்று ஒதுக்கியதோ, அதுதான் அங்கே கிடைக்கும் ஒரே சாப்பாடு.

என் கண்ணுக்குள்ளும் இந்த மஞ்சள் வேலை நடந்தது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளித்து, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கத் தொடங்கும். மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. ஒரு கண்ணில் மட்டும் கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பியபோது கொடியில் காய்ந்த வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். புது வில்லை வைத்த கண்ணுக்கு அது நீலம் போட்ட வெள்ளை. பழைய கண்ணுக்கு மங்கிய மஞ்சள். இத்தனை ஆண்டுகளாக எவ்வளவு நீலம் எனக்கு வராமல் இருந்திருக்கிறது! காதும் இப்படித்தான். முதுமையில் முதலில் போவது கீச்சொலிகள். ச, ஸ, த முதலிய மெய்யொலிகள் தேய்ந்து உயிரொலிகள் மட்டும் வந்து சேரும். பேத்தி பேசினால் சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை.

கண்ணுக்கு மருத்துவம் உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை. துணை போய்விடுகிறது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். பதவி தந்த மரியாதை, மாதம் பிறந்தால் வந்த சம்பளம், படியேறிய கால் எல்லாம் ஒரு வரிசையில் கழிகின்றன. பென்ஷன்காரர்கள் கூடுமிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முழுவதும் கழிந்ததைப் பற்றியே இருக்கும். அப்படிப் பேசுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போனது உண்மையிலேயே பெரிது. அதைச் சின்னதாக்கிக் காட்டும் ஆறுதல்களில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. சிவப்புப் பாசியைப் பற்றிப் பேசுவதும் ஆறுதலுக்காக இல்லை. போனது போக மிஞ்சியதை வைத்து ஓர் உயிர் உண்மையில் என்ன செய்தது என்று அதில் பார்க்கலாம். அந்தச் செய்முறைதான் எனக்கு முக்கியம்.

அது ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமியைச் செய்துகொண்டது. 495 முதல் 565 நானோமீட்டர் வரை, அதாவது நீலப்பச்சையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சை வரைக்கும் உள்ள ஒளியை அது ஆசையோடு பிடிக்கும். பச்சையம் கைவிட்ட இடைவெளி இதுவே. பச்சையை வாங்கிக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் நம் கையில் எடுத்துப் பார்க்கும்போது பாசி சிவப்பாகத் தெரிகிறது. அது வாழும் ஆழத்தில் திருப்பி அனுப்பச் சிவப்பே கிடையாது. அங்கே அது கிட்டத்தட்டக் கறுப்பு: வந்ததை எல்லாம் வாங்கிக்கொண்ட கறுப்பு.

இந்த நிறமி எதிலிருந்து வந்தது என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் என்ற வளைய மூலக்கூறு பாசியிலும் உண்டு. மூச்சுவிடும் எல்லாச் செல்லுக்கும் அது வேண்டும். பச்சையமும் ஹீமும் ஒரே பாதையில் உருவாகி, கடைசியில் கிளை பிரிபவை. பாசி அந்த ஹீம் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி நீட்டுகிறது. பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள் கிடைக்கிறது. அதில் இன்னும் சில மாற்றங்கள் செய்து ஒரு புரதத்தோடு பொருத்தினால் ஒளியைப் பிடிக்கும் நிறமி தயார். இதே வெட்டு நம் உடம்பிலும் தினமும் நடக்கிறது. அடிபட்ட இடம் கன்றிப்போய்ச் சில நாளில் பச்சை படர்வது பிலிவெர்டினால். பிறகு மஞ்சளாவது பிலிரூபினால். பித்தநீரின் மஞ்சளும் மஞ்சள் காமாலையின் மஞ்சளும் அதுவே. நமக்கு அது பெரும்பாலும் கழிவு. பாசிக்கு அது கண்ணி.

ஆழத்தில் பிழைக்க என்று வெளியிலிருந்து எந்தச் சரக்கும் வரவில்லை. வேறொரு வேலைக்காக ஏற்கெனவே கையிலிருந்த பொருளையே வெட்டி நீட்டிப் புதிய வேலைக்குப் பொருத்திக்கொண்டது பாசி.

கீழக்கரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சங்கு குளித்தே குடும்பத்தை நடத்தியவர். காதுசவ்வு கிழிந்து, பிறகு தலைசுற்றலும் சேர்ந்து, இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் போல் வீட்டுத் திண்ணையை விட்டு அவர் எழவில்லை. இப்போது மருமகன்மாரோடு படகில் போகிறார். மேலே இருந்து காற்றுக்குழாயைக் கவனிப்பது அவர் வேலை. குமிழி வரும் வேகத்தைப் பார்த்தே கீழே இருப்பவன் பதறுகிறானா நிதானமாக இருக்கிறானா என்று சொல்லிவிடுவார். "மாமா படகில் இருந்தால் நாங்க தைரியமா இறங்குவோம்" என்கிறார்கள் பையன்கள். குளிக்கும் காலத்தில் தன் மூச்சை அளந்து அளந்து அவர் சேர்த்துவைத்த அறிவு அது. அன்றைக்கு அது அவர் ஒருவர் உயிரைக் காத்தது. இன்றைக்கு மூன்று பேருடையதை.

பிடித்த ஒளியை ஃபைக்கோஎரித்ரின் என்ன செய்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் நடுப்பகுதி. அதனால் நேரடியாக எதையும் செய்ய முடியாது. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடவோ, மாவுப்பொருள் செய்யவோ அதற்குத் திறமில்லை. அந்த வேலைகளைத் தொடங்கி வைக்கும் இடம் பச்சையம் இருக்கும் மையம். ஆகவே பிடித்ததை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1960களின் நடுவில் எலிசபெத் கான்ட், கான்டி என்ற இரு ஆய்வாளர்கள் போர்ஃபிரிடியம் என்ற ஒற்றைச்செல் சிவப்புப் பாசியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்சவ்வுகளின் மேல் வரிசை வரிசையாக மணிகள் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். ஃபைக்கோபிலிசோம் என்று அதற்குப் பெயர் வந்தது. 2017-ல் சீன விஞ்ஞானிகள் கிரிஃபித்சியா என்ற சிவப்புப் பாசியிலுள்ள ஒரு மணியை அணு அணுவாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். ஒரே மணிக்குள் 862 புரதத் துண்டுகள். அவற்றில் செருகிய நிறமி மூலக்கூறுகள் 2,048.

அவை இருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். வெளிவிளிம்பில் பச்சை ஒளியைப் பிடிக்கும் ஃபைக்கோஎரித்ரின். அதற்கு உள்ளே 620 நானோமீட்டர் அருகே உறிஞ்சும் ஃபைக்கோசயனின். சவ்வை ஒட்டிய கருவில் 650 அருகே உறிஞ்சும் அல்லோஃபைக்கோசயனின். அதற்கும் அடியில், 680-ல், பச்சையம். ஆற்றல் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் படிப்படியாக இறங்கும் பாதை இது. எதிர்த்திசையில் சுலபமாக ஏறாது. மாடி காங்கிரீட் போடும் நாளில் சாரத்தில் வரிசையாக நிற்பவர்கள் கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். யார் கையிலும் சட்டி ஒரு கணம்கூடத் தங்காது. தங்கினால் வரிசையே நின்றுவிடும். பாசிக்குள் இந்தக் கைமாற்றம் முழுவதும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மையத்துக்குப் போய்ச் சேர்கிறது. படிக்குப் படி கொஞ்சம் வெப்பமாகக் கழியும். அந்தக் கழிவு இல்லாவிட்டால் ஆற்றல் ஒரே திசையில் ஓடவும் செய்யாது.

1950-ல் வந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லாமல் போக முடியாது. கலிபோர்னியாவில் ஹாக்ஸோ, பிளிங்க்ஸ் என்ற இருவர் கடற்பாசிகளின் மேல் ஒவ்வொரு நிற ஒளியாகப் பாய்ச்சி, எந்த நிறத்தில் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். பச்சைப் பாசியில் பச்சையம் உறிஞ்சும் நிறங்களிலேயே ஆக்சிஜன் கூடியது, எதிர்பார்த்ததுதான். சிவப்புப் பாசியில் பச்சை ஒளி பட்டபோது ஆக்சிஜன் நிறைய வந்தது. பச்சையமே நேராக உறிஞ்சும் சிவப்பிலும் நீலத்திலும் ஏமாற்றமாகக் குறைந்தது. மையத்திலிருக்கும் பெரிய நிறமி தானே பிடித்த ஒளியைவிட, ஓரத்தில் நிற்கும் துணை நிறமி பிடித்துத் தந்த ஒளி அதிகமாகப் பயன்பட்டது என்பது அந்தக் காலத்தில் பலருக்கும் விளங்கவில்லை.

விடை பத்தாண்டு கழித்து, அதுவும் சிவப்புப் பாசியிடமிருந்தே, வந்தது. 1961-ல் நெதர்லாந்தில் டய்சென்ஸ் குழுவினர் போர்ஃபிரிடியத்தின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். அதிலுள்ள சைட்டோகுரோம் என்ற புரதம் எலக்ட்ரானை இழந்தது. கூடவே பச்சை ஒளியையும் சேர்த்தார்கள். இழந்த எலக்ட்ரான் திரும்ப வந்தது. ஒளிச்சேர்க்கையில் இரண்டு அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு இது மிக வலுவான சான்றாயிற்று. தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுத்துத் தருவது ஓர் அமைப்பு; வாங்கி மேலே தள்ளுவது இன்னொன்று. சிவப்புப் பாசியில் பச்சையத்தின் பெரும்பகுதி வாங்கித் தள்ளும் பக்கமே இருக்கிறது. எடுத்துத் தரும் பக்கம் தன் வெளிச்சத்துக்குப் பெரிதும் அந்தச் சிவப்பு மணிகளை நம்பியிருக்கிறது. சிவப்பு ஒளியை மட்டும் எவ்வளவு கொட்டினாலும் ஒரு பக்கம் திணறி நிற்கும், மறுபக்கம் சும்மா நிற்கும்.

நம் வீடுகளில் இதைப் பார்க்கிறேன். யாரிடம் திறமை மிகுதி, யார் சம்பாதிப்பவர், யார் பேச்சு எடுபடும் என்று அளக்கப் பழகிவிட்டோம். அந்தத் திறமைக்குப் பின்னால் வந்து சேர்வது எது என்று யாரும் பார்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து குழந்தைக்குத் தலைவாரி அனுப்பும் பாட்டியின் வேலை, அலுவலகத்தில் மகள் வாங்கும் நல்ல பெயருக்கு அடியில் இருக்கிறது. பாட்டி படுத்துவிட்ட வாரத்தில்தான் அது தெரியவரும். பெரியவர்களாகிய நாங்களும் இதில் ஒன்றைக் கற்க வேண்டும். மையத்தில் இருந்து பழகியவர்களுக்கு விளிம்புக்கு வருவது கசக்கும். முடிவெடுக்கும் இடம் இனி நம்முடையதில்லை என்று ஒத்துக்கொள்வதும், ஆனாலும் அந்த முடிவுக்கு வேண்டிய ஏதோ ஒன்று நம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்று அறிவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முதலாவதை மட்டும் ஒத்துக்கொண்டவர் முடங்கிப் போகிறார். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர் பிள்ளைகளுக்குப் பாரமாகிறார்.

பாடப்புத்தகத்தில் இன்னொரு கதை உண்டு. அதைக் கொஞ்சம் திருத்தியே உங்களிடம் தர வேண்டும். மேலே பச்சைப் பாசி, நடுவே பழுப்புப் பாசி, அடியில் சிவப்புப் பாசி. கிடைக்கும் ஒளிக்கேற்ற நிறம், நிறத்துக்கேற்ற ஆழம் என்பார்கள். இதற்கு மூலவர் ஜெர்மானிய அறிஞர் எங்கல்மன். ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியின் கீழ் விட்டு, பாசியின் எந்த இடத்தில், எந்த நிற ஒளியில் அவை மொய்க்கின்றன என்று பார்த்து, எந்த நிறத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று காட்டிய மகா கெட்டிக்காரர். 1883-ல் நிறத்துக்கும் ஒளிக்கும் உள்ள பொருத்தத்தை எழுதினார். நிறமியைப் பற்றி அவர் கண்டது நிலைத்தது. ஆழத்தைப் பற்றி அதிலிருந்து எழுந்த அழகான வரிசை கடலில் அப்படியே கிடைக்கவில்லை.

1984-ல் மார்க் லிட்லர், டயான் லிட்லர் தம்பதியும் கூட்டாளிகளும் பஹாமாஸில் சான் சல்வடார் தீவுக்கு அருகே ஒரு கடலடிக் குன்றுக்கு நீர்மூழ்கியில் இறங்கினார்கள். 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு பாறையாகப் படர்ந்திருந்த ஒரு சிவப்புப் பாசியைக் கண்டார்கள். மேற்பரப்பு வெளிச்சத்தில் அங்கே எட்டுவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. சிவப்புதான் ஆழத்தில் வென்றது, சரி. ஆனால் அதே குன்றில் பழுப்புப் பாசிக்குக் கீழே பச்சைப் பாசி அடர்ந்து வளர்ந்திருந்தது. 157 மீட்டரில்கூட ஒரு பச்சைப் பாசி இருந்தது. பச்சைப் பாசிக்கும் இருட்டில் பிழைக்க வழிகள் உண்டு. பச்சையத்தையே மேலும் மேலும் அடைத்துத் திசுவைத் தடித்ததாக்கினால், அவ்வளவாகப் பிடிபடாத பச்சை ஒளியும் உள்ளே அலைந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கிக்கொள்ளும். சில பச்சைப் பாசிகள் சைஃபோனசாந்தின் என்ற வேறொரு நிறமியைக் கொண்டு பச்சை ஒளியைப் பிடிக்கின்றன. 268 மீட்டர்க்காரனின் வெற்றிக்கும் நிறம் மட்டும் காரணம் இல்லை. தட்டையான மெல்லிய மேலோடாகக் கிடந்து, மிக மெதுவாக வளர்ந்து, உடம்பைப் பராமரிக்கும் செலவை அது குறைத்துக்கொண்டிருக்கிறது. வரவைப் பெருக்குவது ஒரு வழி, செலவைச் சுருக்குவது இன்னொரு வழி. அது இரண்டையும் செய்தது.

இந்தத் திருத்தத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. துக்கத்திலிருந்து மீண்டவர்கள் தங்கள் வழியை அடுத்தவர் மேல் திணிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். "கோயிலுக்குப் போ, சரியாகிவிடும்." "நாலு பேரோடு பழகு, சரியாகிவிடும்." ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்று மீள்கிறார். இன்னொருவர் தெரிந்த ஒன்றையே இன்னும் அடர்த்தியாகச் செய்து மீள்கிறார். வேறொருவர் தேவைகளைக் குறைத்துக்கொண்டு, வெளியே அசைவே தெரியாமல், ஓராண்டில் ஒரு துளி வளர்கிறார். மூன்றாமவரைப் பார்த்து முடங்கிவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள்.

சிவப்பு நிறமி நிரந்தரச் சொத்தும் இல்லை. மண்டபம், பாம்பன் பக்கத்து ஆழமில்லாத பாறைத்திட்டுகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் வளர்கின்றன. இரண்டும் சிவப்புப் பாசி வகை. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியோ ரப்பரோ சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி இந்தப் பாசிகளைப் பறித்து வருவார்கள். எங்கள் மாணவர்கள் முதல்முறை பார்த்ததும் "இது சிவப்பாகவே இல்லையே சார்" என்பார்கள். கடும் வெயில் படும் இடத்தில் வளரும் சிவப்புப் பாசிகள் ஃபைக்கோஎரித்ரினைக் குறைத்துக்கொண்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும். நிழலிலும் ஆழத்திலும் வளர்வது அடர்ந்த சிவப்பாக இருக்கும். வெளிச்சம் போதுமான இடத்தில் அத்தனை கண்ணிகள் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. இந்த நிறமி புரதத்தோடு சேர்ந்தது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. தண்ணீரில் நைட்ரஜன் சத்து குறையும் காலத்தில் கஞ்சிப்பாசியின் இனத்தைச் சேர்ந்த பாசிகள் தங்கள் ஃபைக்கோஎரித்ரினையே உடைத்து உண்டு வளர்கின்றன. வளமான காலத்தில் மீண்டும் கட்டிக்கொள்கின்றன. சேமிப்பும் அதுவே, கருவியும் அதுவே. கரைக்கு வந்ததும் கதை மாறுகிறது. நல்ல தண்ணீர் பட்டால் நிறமி கரைந்து வெளியேறும். வெயில் மிச்சத்தை வெளுத்துவிடும். நன்றாக அலசிக் காயவைத்த பாசி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் அதில் விலைபோவது செல்சுவரிலுள்ள அகர். நாம் கடையில் கடற்பாசி என்று வாங்கி ரம்ஜானுக்குக் காய்ச்சும் அந்தப் பொருள்.

இந்த நிறமியை ஆய்வகங்களில் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தனியே பிரித்த ஃபைக்கோஎரித்ரின் மேல் நீலமோ பச்சையோ ஒளி பட்டால் அது ஆரஞ்சு கலந்த மஞ்சளில் பளிச்சென்று ஒளிரும். மிகப் பிரகாசமாக ஒளிரும் இயற்கைப் பொருள்களில் ஒன்று அது. 1982 முதல் எதிர்ப்புப் புரதங்களோடு அதைப் பிணைத்து ரத்த அணுக்களுக்கு அடையாளம் இடுகிறார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் சி.டி.4 அணுக்களை எண்ணும் சோதனைகளிலும் அது உதவியிருக்கிறது. உயிருள்ள பாசிக்குள் அது ஏன் அப்படி ஒளிர்வதில்லை? அங்கே பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. வந்த வெளிச்சம் அடுத்த கைக்குப் போய்விடுகிறது. கைமாற்ற ஆளில்லாமல் பிரித்து வைத்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்கிறது.

மனிதர்களிடத்திலும் தெரிந்த பெயர்களை மட்டும் வைத்து வாழ்க்கையை அளக்க முடியாது என்று இதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அகர் விஷயத்திலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஃபேனி ஹெஸ்ஸே என்று பெயர். நியூயார்க்கில் பிறந்து, வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் மருத்துவரை மணந்தவள். 1881 வாக்கில் வால்ட்டர் பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை செய்தார். கணவரின் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது, ஆய்வுக்கு உதவுவது எல்லாம் ஃபேனி. கிருமி வளர்க்கும் ஜெலட்டின் கோடையில் உருகி ஓடியது. சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கின. நீ சமையலில் செய்யும் ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படி உருகாமல் நிற்கிறது என்று கணவர் கேட்டார். அதில் சேர்ப்பது அகர் என்றாள் ஃபேனி. இளவயதில் நியூயார்க்கில் பக்கத்து வீட்டுக்கு ஜாவாவிலிருந்து குடிவந்திருந்த டச்சுக்காரர்களிடம் அவள் கற்றுக்கொண்டது. அகர் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் உருகும். ஆறினால் 40 டிகிரியை நெருங்கும்போதுதான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்ன முடியாது. வால்ட்டர் அதைக் காக்கிடம் சொன்னார். உலகமெங்கும் கிருமியியல் அந்தத் தட்டின் மேல்தான் வளர்ந்தது.

காசநோய்க் கிருமியைப் பற்றி 1882-ல் காக் எழுதிய கட்டுரையில் அகர் போகிறபோக்கில் வந்து போகிறது. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் அதில் இல்லை. அந்தக் கண்டுபிடிப்பால் அவர்களுக்குக் காசும் வரவில்லை. ஃபேனி 1934-ல் காலமானாள். 1939-ல் ஹிட்சென்ஸ், லெய்க்கிண்ட் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்டு, சாதாரண அகர் ஊடகத்தை இனி ஹெஸ்ஸே அம்மையாரின் ஊடகம் என்றே அழைக்கலாம் என்று எழுதினார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆய்வகங்களில் இன்றும் அகர் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.